பவுடருக்கும் க்ரூமருக்கும் ஒரே ஜோடி: அகலமான ஆல்-மவுண்டன் ஸ்கீயைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கனடாவின் மேற்குக் கரையோரம் இருக்கும் விஸ்லர் மலை. இரவெல்லாம் கொட்டி 30 செ.மீ. புதுப் பனி விழுந்திருக்கிறது. காலை எட்டரைக்கு முதல் லிஃப்ட் கிளம்பும்போது மலை முழுக்க யாரும் மிதிக்காத வெள்ளை. பதினோரு மணிக்கு அதே சரிவு உழுது போட்ட வயல் மாதிரி ஆகிவிடும். நூற்றுக்கணக்கானவர்கள் குறுக்கும் நெடுக்கும் கீறிய தடங்கள், நடுநடுவே கட்டிதட்டிய மேடுகள். மாலை மூன்று மணிக்கு ஊருக்குள் இறங்கும் பாதையில் மேல்பனி வழித்துப்போய், அடியிலுள்ள இறுகிய பரப்பு பளபளக்கும். ஒரே நாளில், காலில் மாட்டிய ஒரே ஜோடி ஸ்கீயில், அதாவது பனிச்சறுக்கு மட்டையில், இந்த மூன்றையும் கடந்தாக வேண்டும்.

அகலமான ஆல்-மவுண்டன் ஸ்கீ இதற்காகத்தான் செய்யப்படுகிறது. ஆனால் விளம்பரப் படங்களில் எட்டரை மணிக் காட்சி மட்டும்தான் வரும். நீங்கள் வாங்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது பதினோரு மணியையும் மூன்று மணியையும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஜோடி ஸ்கீயின் விலை ஆனது. ஆசைப்பட்டு நடுவில் 112 மி.மீ. அகலமுள்ள ஒன்றை வாங்கினேன். பவுடரில், அதாவது யாரும் மிதிக்காத புதுப் பனியில், சொர்க்கம். மற்ற நாட்களில் மாலை ஆனால் முழங்கால் பேசியது. இரண்டாவது சீசன் முடிவதற்குள் விற்றுவிட்டேன்.

நீலப் பாதைகளில், அதாவது நடுத்தரச் சரிவுகளில், இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பத் தெரிந்தவர்களுக்கு எழுதுவது இது. இன்னும் மூக்குகளைச் சேர்த்து, வால்களை விரித்து, பீட்சா துண்டு மாதிரி வைத்து நிறுத்திக்கொண்டிருப்பவர்கள் வாடகைக்கு எடுங்கள். அவசரமில்லை.

முதல் படி: உங்கள் நாட்களை எண்ணுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போன சீசனில் எத்தனை நாள் மலைக்குப் போனீர்கள்? அதில் எத்தனை நாள் 15 செ.மீ.க்கு மேல் புதுப் பனி இருந்தது? அந்த நாட்களிலும் மிதிபடாத பனியில் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள்? என் கணக்கு இப்படி வந்தது: 21 நாள் போனேன், புதுப் பனி இருந்தது 4 நாள், அதிலும் நல்ல பவுடர் கிடைத்தது நாளுக்கு இரண்டு மணி நேரம். மீதியெல்லாம் க்ரூமர், அதாவது இரவில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்தி, கார்டுராய் துணி போல வரிவரியாக விட்டுவைத்த பாதை. இல்லையென்றால் எல்லாரும் கலைத்துப்போட்ட பனி.

எந்த ஊர்ப் பனி என்பதையும் எழுதுங்கள். யூட்டாவின் வாஸாட்ச் மலைகளில் விழுவது குளிர்ந்த, உலர்ந்த, லேசான பனி. அங்குள்ள ஆல்ட்டாவில் ஒரு சீசனுக்குச் சராசரியாக 12 மீட்டருக்கு மேல் கொட்டும். பசிபிக் கரையோரம் விழுவது ஈரமும் கனமும் கொண்டது. கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் பனியைச் சியரா சிமெண்ட் என்றும், வாஷிங்டன் பக்கத்தவர்கள் கேஸ்கேட் காங்கிரீட் என்றும் கிண்டலாகச் சொல்வார்கள். இந்த வேறுபாடு ஸ்கீ தேர்வை நேரடியாகப் பாதிக்கும். லேசான பனியில் ஆழமாகப் புதைவீர்கள், ஆனால் அது வழி விடும். ஈரப் பனி உங்களைத் தாங்கும், ஆனால் வழி விடாது. முதலாவதற்குப் பரப்பளவு வேண்டும். இரண்டாவதற்கு மேலே வளைந்த மூக்கும் கொஞ்சம் கனமும் வேண்டும்.

டொரொண்டோ பக்கம் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு முறை மேற்கே விமானம் ஏறுகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் பெரும்பாலும் கிடைப்பது இறுகிய பனியும் ஐஸும்தான். உங்களுக்கு இந்த வகை ஸ்கீயே வேண்டாம். 80 முதல் 88 மி.மீ.க்குள் நல்லதாக ஒன்று வாங்குங்கள். மேற்கே போகும் வாரத்துக்கு அகலமானதை வாடகைக்கு எடுங்கள்.

இரண்டாம் படி: இடுப்பின் அகலம்

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 132-98-120. மூக்கு, இடுப்பு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். எல்லாரும் பேசுவது நடு எண்ணைப் பற்றி, அதாவது காலில் போடும் ஸ்கீ பூட்டுக்குக் கீழே வரும் இடுப்பைப் பற்றி.

அகலம் ஏன் மிதக்க வைக்கிறது என்பது சுலபம். 80 மி.மீ. இடுப்பிலிருந்து 98-க்குப் போனால், 170 செ.மீ. நீள ஸ்கீ ஒவ்வொன்றிலும் சுமார் 300 சதுர செ.மீ. பரப்பு கூடும். அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் குறைவாகப் புதைவீர்கள்.

அதற்கு விலை எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்கீ பூட்டின் அடிப்பகுதி முன்பக்கம் கிட்டத்தட்ட 69 மி.மீ. அகலம். 70 மி.மீ. ஸ்கீயில் உலோக விளிம்பு பூட்டின் ஓரத்துக்கு நேர் கீழே இருக்கும். 100 மி.மீ. ஸ்கீயில் அது 15 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். இறுகிய பனியில் விளிம்பைச் சாய்த்து நிற்கும்போது, பனியிலிருந்து வரும் எதிர்விசை காலின் நடுக்கோட்டிலிருந்து விலகிய இடத்தில் தாக்குகிறது. அந்த விலகலைச் சமாளிப்பது கணுக்காலும் முழங்காலும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் கூடுதல் நேரம் ஆகும். பவுடரில் இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் அங்கே முழு அடிப்பரப்பும் பனியில் அழுந்துகிறது. க்ரூமரில்தான் நாள் முழுக்க இந்த வரியைக் கட்டுகிறோம்.

என் பரிந்துரை இது. க்ரூமர் நாட்கள் பத்துக்கு எட்டு என்றால் 94 முதல் 97. பாதிக்குப் பாதி என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால் 98 முதல் 102. மேற்கு மலைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, பனி விழுந்த அன்று வேலைக்கு லீவு போட முடிகிறவர் என்றால் 103 முதல் 106. அதற்கு மேல் போனால் அது இரண்டாவது ஜோடி, ஒரே ஜோடி அல்ல. இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால் குறைந்ததை எடுங்கள். குறைந்த அகலத்தின் குறையை நல்ல வளைவு ஓரளவு ஈடுகட்டும். அதிக அகலத்தால் முழங்காலுக்கு வரும் சுமையை ஈடுகட்ட ஒன்றும் கிடையாது.

மூன்றாம் படி: ராக்கரும் கேம்பரும்

அகலத்தைவிட நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி தரையைத் தொடாமல் லேசாகத் தூக்கி, முன்னும் பின்னும் தொட்டுக்கொண்டிருந்தால் அது கேம்பர். நீங்கள் ஏறி நின்றதும் அது தட்டையாகி, விளிம்பை முழு நீளத்துக்கும் பனியில் அழுத்தும். இறுகிய பரப்பில் பிடிப்பு அதிலிருந்து வருகிறது. மூக்கும் வாலும் வழக்கத்தைவிட முன்கூட்டியே மேலே வளையத் தொடங்கினால் அது ராக்கர். படகின் முன்பக்கம் மாதிரி பனியின் மேல் ஏறிக்கொள்ள அது உதவுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஷேன் மெக்காங்கி என்ற வட அமெரிக்க வீரர், தண்ணீரில் சறுக்கும் மட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு அலாஸ்காவின் பனிச்சரிவில் இறங்கிப் பார்த்தார். ஆழ்ந்த பனியும் தண்ணீர் மாதிரிதானே, அதில் ஏன் பழைய வடிவத்தையே பிடித்துத் தொங்க வேண்டும் என்பது அவர் கேள்வி. அதிலிருந்து 2002-இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்சுலா வந்தது. இரு முனையும் மேலே வளைந்து, இடுப்பு மூக்கைவிட அகலமாக, அதுவரை இருந்த ஸ்கீயைத் தலைகீழாகப் போட்ட வடிவம். பவுடரில் அது அபாரம், க்ரூமரில் பாடாய்ப் படுத்தும். இன்றைய ஆல்-மவுண்டன் ஸ்கீ அந்த வடிவத்துக்கும் பழைய வடிவத்துக்கும் நடந்த பஞ்சாயத்தின் தீர்ப்பு: மூக்கில் நல்ல ராக்கர், காலுக்கடியில் கேம்பர், வாலில் கொஞ்சம் ராக்கர்.

கடையில் சோதிப்பது எளிது. இரண்டு ஸ்கீயின் அடிப்பரப்பையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, நடுவில் இருக்கும் இடைவெளியைக் கையால் அழுத்தி மூடுங்கள். இப்போது முன்பக்கம் இரண்டும் எங்கே பிரிகின்றன? நுனியிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் பிரிந்தால் அது க்ரூமர் பக்கம் சாய்ந்த ஸ்கீ. 30 முதல் 40 செ.மீ.க்குள் என்றால் நமக்கு வேண்டியது. 45-ஐத் தாண்டினால் இறுகிய பாதையில் மூக்கு காற்றில் படபடவென்று ஆடிக்கொண்டே வரும். வாலையும் பாருங்கள். வால் ஓரளவு தட்டையாக இருந்தால் திருப்பத்தின் கடைசி வரை பிடித்துவைக்கும். நன்றாக மேலே வளைந்திருந்தால் மரங்களுக்கு நடுவே சட்டென்று வழுக்கித் திருப்பலாம். எனக்கு வாலில் கொஞ்சம் ராக்கர் போதும்.

நான்காம் படி: உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான நல்ல ஸ்கீகளின் நடுவே மரம்தான். பாப்லர், பீச், ஆஷ், பவுலோனியா என்று கலந்து ஒட்டியிருப்பார்கள். அதன் மேலும் கீழும் கண்ணாடி இழை, சிலவற்றில் கார்பன், சிலவற்றில் டைட்டனால். பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று நினைத்துவிடாதீர்கள், டைட்டனால் ஓர் அலுமினியக் கலவை. அது செய்யும் வேலை அதிர்வை அடக்குவது.

பதினோரு மணிப் பனியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டிதட்டிய மேட்டில் லேசான ஸ்கீ மோதினால் அது உங்களைத் தூக்கிப் போடும். கனமான ஸ்கீ மேட்டைப் பிளந்துகொண்டு போகும். ஆனால் கனமான ஸ்கீயை ஓட்டுவதற்கு வேகமும் எடையும் பலமும் வேண்டும். இரண்டு உலோகத் தகடு உள்ள ஸ்கீகள் 85 கிலோ ஆட்களின் கையில் தங்கமாக நடந்துகொள்ளும். நான் 66 கிலோ. அதே ஸ்கீ மெதுவான வேகத்தில் என்னைக் கேட்காமல் தன் பாட்டுக்குப் போகும். எடையை எண்ணில் சொன்னால், 175 செ.மீ. சுமாரான நீளத்தில் ஒற்றை ஸ்கீ 1,700 கிராமுக்குக் கீழே என்றால் கலைந்த பனியில் துள்ளும். 1,800 முதல் 2,000 வரை நடுத்தரம். 2,100-ஐத் தாண்டினால் அது ஓட்டத் தெரிந்தவர்களுக்கு.

சில பெயர்களைச் சொன்னால் விளங்கும். நார்டிகா என்ஃபோர்சர் 100 இரண்டு உலோகத் தகடு கொண்ட கனமான வகை. ஃபோல்க்ல் மந்த்ரா எம்6, 96 மி.மீ., டைட்டனாலை ஓரங்களைச் சுற்றிச் சட்டம் போல அமைத்தது, க்ரூமரில் கூர்மையாக வெட்டும். பிளிஸார்ட் ரஸ்ட்லர் 10 உலோகத்தைக் காலுக்கடியில் அதிகமாகவும் முனைகளில் குறைவாகவும் வைத்தது. எலான் ரிப்ஸ்டிக் 96-இல் உலோகத் தகடு கிடையாது, கார்பன் குழல்கள்தான். இடது, வலது என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பவுடர் பக்கம் சாய்ந்தாலும் க்ரூமரை விட்டுக்கொடுக்காதது சாலமன் க்யூஎஸ்டி 98. ஒரே பெயரில் உள்ளமைப்பை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். அதனால் எந்த வருட மாடல் என்று பார்த்து, அந்த வருடத்து விவரத்தையே படியுங்கள்.

பெண்களுக்கென்று விற்கும் ஸ்கீகளைப் பற்றி ஒரு வரி. சிலவற்றில் நிறம் மட்டும்தான் வேறு. சிலவற்றில் உள்ளே மெல்லிய உலோகமும், பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்குக்கு முன்னே தள்ளிய இடமும் இருக்கும். எடை குறைந்த ஆண்களுக்கும் இவை பொருந்தும். நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நீளமும் திரும்பும் ஆரமும்

நிமிர்ந்து நின்றால் ஸ்கீ மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடையே வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ராக்கர் அதிகம் என்றால் நீளத்தைக் கூட்டுங்கள், ஏனென்றால் வளைந்த பகுதி க்ரூமரில் பனியைத் தொடுவதே இல்லை. 180 செ.மீ. ஸ்கீ இறுகிய பாதையில் 165 மாதிரி நடந்துகொள்ளலாம். நான் 168 செ.மீ. உயரம், 172 ஓட்டுகிறேன். மரங்களுக்கு நடுவிலும் மேட்டுப் பாதைகளிலும் அதிகம் சுற்றுகிறவர் ஓர் அளவு குறைக்கலாம். திறந்த சரிவில் வேகமாகப் போகிறவர் ஓர் அளவு கூட்டலாம். உயரத்தைவிட எடை முக்கியம் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்கீக்கு உங்கள் உயரம் தெரியாது.

ஆரம் என்பது ஸ்கீயைச் சாய்த்தால் அது தானாக வரையும் வட்டத்தின் அளவு. 14 மீட்டர் என்றால் குறுகிய திருப்பம், 22 என்றால் நீண்டது. 16 முதல் 19 மீட்டர் நம் வேலைக்குச் சரி. ஆரம் மிகக் குறைவாகவும் மூக்கு மிக அகலமாகவும் உள்ள ஸ்கீ, கலைந்த பனியில் மேட்டைக் கண்டால் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு இழுக்கும்.

ஆறாம் படி: பைண்டிங், பூட்

பணம் குறைவாக இருந்தால் அதைப் பூட்டுக்குப் போடுங்கள், ஸ்கீக்கு அல்ல. அகலமான ஸ்கீயைச் சாய்ப்பதற்கு உறுதியான பூட் வேண்டும். பூட்டுக்குள் கால் ஆடினால் 100 மி.மீ. ஸ்கீ உங்கள் சொல்லைக் கேட்காது. பாதத்தின் அகலத்தைப் பொறுத்து 98, 100, 102 மி.மீ. அச்சுகளில் வருகின்றன. பூட் பொருத்துபவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பைண்டிங்கில் இரண்டு விஷயம். ஒன்று, கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கின் அகலம்: ஸ்கீயின் இடுப்புக்குச் சமமாக, அல்லது 15 மி.மீ. வரை கூடுதலாக. 98 மி.மீ. ஸ்கீக்கு 100 அல்லது 110 பிரேக். குறைவானதை வளைத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள். இரண்டாவது, எவ்வளவு விசையில் பூட் கழன்று விடுபடும் என்பதைக் குறிக்கும் டின் எண். உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், ஓட்டும் விதம் ஐந்தையும் வைத்துக் கணக்கிட்டு, பயிற்சி பெற்றவர் அமைக்க வேண்டிய எண் அது. நண்பர் சொன்னார் என்று நீங்களே திருகாதீர்கள். உங்கள் எண் 6 என்றால் 4 முதல் 13 வரை போகும் பைண்டிங் தாராளமாகப் போதும். பூட்டின் அடி, நடக்க வசதியாக வளைத்துச் செய்த கிரிப்வாக் வகையா என்பதையும் சொல்லிவிடுங்கள், எல்லாப் பைண்டிங்கும் அதை ஏற்காது.

ஏழாம் படி: ஓட்டிப் பார்த்தல்

பெரிய மலைகளின் அடிவாரத்தில் டெமோ வாடகை உண்டு. ஒரு நாள் கட்டணத்தில் இரண்டு மூன்று ஜோடி மாற்றி ஓட்டலாம், பிறகு வாங்கினால் பல கடைகள் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். வெளியே எடுத்துப் போவதற்கு முன் நகத்தை உலோக விளிம்பின் குறுக்கே தேய்த்துப் பாருங்கள், நகம் சீவப்பட வேண்டும். நான் ஒரு முறை ஒரு நல்ல ஸ்கீயை, ஐஸில் பிடிக்கவே இல்லை என்று ஒதுக்கினேன். அடுத்த வருடம் நண்பரிடம் இருந்த அதே மாடலை ஓட்டியபோதுதான், அன்று எனக்குக் கிடைத்தது விளிம்பு மழுங்கிய ஜோடி என்று தெரிந்தது.

சோதனையைக் காலை க்ரூமரில் தொடங்குங்கள். குறுகிய திருப்பம் பத்து, பெரிய திருப்பம் பத்து, அப்புறம் நேராக விட்டு மூக்கு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அடுத்தது கலைந்த பனி. வேண்டுமென்றே மேட்டில் மோதுங்கள். மூன்றாவதாக, ஸ்கீயைத் தட்டையாக வைத்துப் போகும் சமதளப் பாதை. அங்கே விளிம்பு தானாகப் பிடித்து இழுத்தால், ஒன்று கூர்மை சரியாகப் போடவில்லை, இல்லை வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. பவுடர் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். 98 மி.மீ.யும் ராக்கரும் இருக்கும் எந்த ஸ்கீயும் பவுடரில் உங்களைக் கைவிடாது. அவை ஒன்றுக்கொன்று வேறுபடுவதெல்லாம் மற்ற பனிகளில்தான். டெமோ பைண்டிங் முன்னும் பின்னும் நகரும் என்பதால் ஒரு செ.மீ. மாற்றியும் ஓட்டுங்கள். பின்னே தள்ளினால் மூக்கு மிதக்கும், முன்னே தள்ளினால் திருப்பம் சுலபமாகும்.

எட்டாம் படி: வாங்குவது

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை கடைகள் இருப்பைக் காலி செய்யும். போன வருட மாடல், நிறம் மட்டும் மாறியிருந்தால், யோசிக்காமல் எடுக்கலாம்.

பழையது வாங்கினால் நான்கு இடம் பாருங்கள். விளிம்பில் விரிசல் உண்டா, அடிப்பரப்பில் மரம் தெரியும் அளவுக்குப் பள்ளம் உண்டா, பக்கச் சுவர் பிரிந்து ஈரம் புகுந்திருக்கிறதா, பைண்டிங் எத்தனை முறை மாட்டியிருக்கிறார்கள். புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு செ.மீ. இருந்தால்தான் திருகு நிற்கும். உலோகத் தகடு உள்ள ஸ்கீக்கு 4.1 மி.மீ. துரப்பணம், இல்லாததற்கு 3.6. வீட்டில் தாங்களே மாட்டியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

கையில் வந்ததும் விளிம்பை அடியில் 1 பாகை, பக்கத்தில் 2 பாகைக்குத் தீட்டச் சொல்லுங்கள். அகலமான ஸ்கீக்கு இது முக்கியம், மூன்று மணிப் பாதையில் உங்களுக்கு இருப்பது அந்தக் கூர்மை மட்டும்தான்.

முதல் நாள் அதை க்ரூமரிலேயே ஓட்டுங்கள். பவுடர் நாளில் புது ஸ்கீயை எடுத்துப்போனால், விழுந்தால் ஒன்று பனிக்கடியில் காணாமல் போகும். எனக்குப் போயிருக்கிறது. முக்கால் மணி நேரம் நான் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தோண்டினேன். லிஃப்டில் ஏற்கெனவே ஒரு முறை பார்த்த ஒரு பெரியவர் நின்று, மேலே தேடு தம்பி, ஸ்கீ கழன்ற இடத்தில் நின்றுவிடும், நீதான் உருண்டு வந்திருக்கிறாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். மிச்சமிருந்த ஸ்கீயின் வாலால் சரிவுக்குக் குறுக்கே கீறிக்கொண்டே போனேன். ஐந்து மீட்டர் மேலே, ஒரு முழ ஆழத்தில் கிடந்தது.